கோட்டு மைக்ரோமீற்றரா, டிஜிற்றலா?

போன கிழமை குருநகரிலிருந்து ஒரு தண்ணீர்ப் பம்பின் ஷாப்ற் (சுழல்தண்டு) வந்தது. 6204 இலக்கப் பெயரிங் ஏறுகிற இடம், 20 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். மைக்ரோமீற்றர் என்பது பொருளை இரு முகங்களுக்கு இடையில் பிடித்து, திருகைத் திருகித் தடிப்பு அளக்கும் கருவி. வேலை பழக வந்த தம்பி, கோடுகளைப் பார்த்து வாசிக்கும் கோட்டு மைக்ரோமீற்றரில் பார்த்து 19.49 என்றான். திரையில் இலக்கம் காட்டும் டிஜிற்றலில் 19.988. திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீற்றர்தான் நகரும். அந்த அரை மில்லிமீற்றரைக் காட்டும் கோடு வெளியே தெரிகிறதா என்பதில் கண் தவறினால் இப்படித்தான். டிஜிற்றலில் இந்தப் பிழைக்கு வழியில்லை.

அதற்காகத் திரையில் வரும் மூன்றாவது தசமத்தை வேதவாக்காக எடுக்கவும் கூடாது. நல்ல கருவிக்கே 0.001, 0.002 முன்பின் இருக்கும். அளக்கமுதல் இரு முகங்களுக்கும் இடையில் வெள்ளைத் தாளை மெல்லப் பிடித்து இழுத்துத் துடைத்து, மூடிப் பூச்சியம் பாருங்கள். கடைசியில் ராச்சற்றைத்தான், அதாவது அளவான இறுக்கம் வந்ததும் வழுக்கிவிடும் நுனிக் குமிழைத்தான், திருகவேண்டும். கையால் இறுக்கினால் இரண்டுமே பொய் சொல்லும். லேத்திலிருந்து கழற்றிய சூட்டோடு அளப்பதும் வேண்டாம். 20 மில்லிமீற்றர் உருக்கு 10 பாகை சூடேறினாலே 0.002 அளவில் பருத்துவிடும்.

பற்றரி இறங்கினால் டிஜிற்றல் வெறும் இரும்பு. கோட்டுக் கருவிக்கு அந்தக் கவலை இல்லை, விலையும் குறைவு. உப்புக்காற்றுக்கு எண்ணெய்த் துணி இரண்டுக்கும் வேண்டும்.

தம்பிக்கு இன்னும் கோட்டுக் கருவிதான். பெயரிங் இடத்துக்கு மட்டும் நான் டிஜிற்றலை எடுப்பேன்.