ஒன்றாம் வகுப்புக்கு எந்த சிலேட்டு?

நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் ஜூன் பிறந்தால் ஸ்டேஷனரிக் கடை வாசலில் சிலேட்டு அடுக்கிவிடுவார்கள். கல், தகரம், பிளாஸ்டிக், மார்க்கரால் எழுதும் வெள்ளைப் பலகை என்று நாலு வகை. வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று வாங்க எதுவும் சரிதான். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும்.

வகுப்பில் சிலேட்டின் முக்கிய வேலை எழுத்துப் பயிற்சி இல்லை. கேள்வி கேட்டதும் கையைத் தூக்கும் நாலு பேரே தினமும் பதில் சொல்ல, மிச்சப் பேர் சும்மா இருந்து பழகிப்போகிறார்கள். அதை உடைக்கத்தான் சிலேட்டு. எல்லோரும் எழுதி ஒரே நேரத்தில் காட்டும்போது ஒளிய இடமிருக்காது. ஆகவே கரும்பலகை அருகிலிருந்து பார்த்தால் கடைசி வரிசைப் பதில் தெரிய வேண்டும். ஒரே துடைப்பில் அழிய வேண்டும்.

கல் சிலேட்டில் குச்சி உரசும் பிடிமானம் பிஞ்சு விரலுக்கு நல்லது; 'அ'வின் சுழி வழுக்கிக்கொண்டு ஓடாது. ஆனால் கனம். தூக்கிக் காட்டினால் கை தளரும், விழுந்தால் விரிசல். கோவையிலை தேய்த்துக் கறுப்பாக்குவதெல்லாம் கல் சிலேட்டு வெளுத்துப்போனால் செய்யும் கைமருந்து. பிளாஸ்டிக் மலிவு, ஆனால் வழுவழுப்பு. தலையில் எண்ணெய் தடவிய கை பட்டால் குச்சி எழுதவே எழுதாது. வாரம் ஒருமுறை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வெள்ளைப் பலகையில் எழுத்து தூரத்துக்கும் பளிச்சென்று தெரியும். செலவுதான் நிற்காது: மூடி போடாத மார்க்கர் நம்மூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும். மூடி போடும் பழக்கம் வந்த மூன்றாம் வகுப்புக்கு மேல் வாங்கலாம்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் எங்கள் தேர்வு, பிளாஸ்டிக் சட்டம் போட்ட தகர சிலேட்டு, ஏ4 தாள் அளவில். கடையிலேயே குச்சியால் எழுதி, காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். தகரம் துருத்திக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கையைக் கிழிக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் எழுத்து விழாது என்பதால் மூன்று சிலேட்டு கூடுதலாக இருக்கட்டும்.

இப்படி எழுதிக் காட்டப் பழக்குவதற்குப் பத்து நாள் பிடிக்கும். பதில் ஓர் எழுத்து, ஒரு சொல் அல்லது ஈரிலக்க எண்ணாக இருக்கும்படி கேள்வி கேளுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை குச்சியைத் தொடக் கூடாது. யோசிப்பது அந்த ஐந்துக்குள்தான் நடக்கிறது. எழுதியதும் சிலேட்டை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். "காட்டு" என்றதும் எல்லோரும் தூக்க வேண்டும். நெஞ்சோடு பிடிக்கும் படியைத் தவிர்த்தால் ஒருவன் முந்தித் தூக்குவான், பக்கத்து வரிசை முழுக்க அதே பதில் வரும், "டீச்சர், இவன் என்னப் பாத்து எழுதுதான்" என்று புகார் கிளம்பும். கால்வாசிப் பேருக்கு மேல் தப்பென்றால் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் அவர்களை மட்டும் பிறகு கூப்பிடுங்கள். நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று என்று தினமும் மூன்று கேள்வி போதும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளுக்குத் தனித்தனிக் கேள்வி கொடுத்தால் ஒரே சுற்றில் மூன்று நிலையும் தெரிந்துவிடும்.

துடைப்பதில்தான் நேரம் போகும். எச்சில் தொட்டு அழிப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். ஈரத் துணி கொடுத்தால் சிலேட்டு காயும்வரை குச்சி எழுத்து மங்கலாகவே தெரியும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும், இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அது காயவே காயாது. பழைய வேட்டியைச் சாண் அளவில் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள், உலர்ந்தே இருக்கட்டும். ஈரத் துடைப்பு கடைசி மணிக்கு ஒருமுறை போதும்.

குச்சிகளைப் பனையோலைக் கொட்டானில் போட்டு, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். தினமும் ஒன்றிரண்டு குறைந்தால் யாரோ தின்கிறார்கள். அடிப்பதில் பயனில்லை, பல நேரம் அதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லி வீட்டுக்குத் தகவல் கொடுங்கள்.