எமிஸ் தகவல்: பயிற்சிக் கூட்டமா, பெற்றோர் கூட்டமா?

எமிஸ் என்பது தமிழக அரசின் பள்ளி, மாணவர் தகவல் தளம்; யூடைஸ் என்பது மத்திய அரசு நாடு முழுவதும் பள்ளிகளிடம் திரட்டும் தகவல். ஊராட்சி ஒன்றிய அளவில் இந்த இரண்டு வேலைகளையும் பார்க்கும் ஆசிரியர் பயிற்றுநர் நான். பள்ளித் தகவல் சரியாக வர யாரை உட்காரவைத்துப் பேசுவது என்பதில் இரண்டு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். ஒன்று, தலைமை ஆசிரியர்களை வட்டார வள மையத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தருவது. இன்னொன்று, பதிவேற்றும் முன் அந்தத் தகவலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசித்துக் காட்டுவது. இப்போது நான் இரண்டாவதன் பக்கம்.

முதல் வழியின் நன்மை எல்லோருக்கும் தெரியும். ஒரே நாளில் எல்லாப் பள்ளிக்கும் செய்தி போய்விடும், செலவும் குறைவு. 2022-23இல் யூடைஸின் இணைய வடிவமான யூடைஸ் பிளஸ் மொத்த எண்ணிக்கையை விட்டு மாணவர்வாரி விவரத்துக்கு மாறியபோது, திரையைக் காட்டிச் சொல்லித்தராமல் வேலை நடந்திருக்காது. ஆனால் அங்கே எழுவதெல்லாம் "எப்படி ஏற்றுவது?" என்ற கேள்விதான். ஏற்றியது உண்மையா என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

மேலாண்மைக் குழுவில் அந்த ஆள் இருக்கிறார். கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். யூடைஸ் படிவத்தில் கழிப்பறை எத்தனை, அதில் பயன்பாட்டில் உள்ளது எத்தனை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். ஒரு பள்ளியில் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தோம். வாசித்ததும் ஓர் அம்மா, "சார், அதுல ஒண்ணுக்குத் தாழ்ப்பாளே இல்ல, எம் பொண்ணு வீட்டுக்குத்தான் ஓடி வருது" என்றார். எண்ணைத் திருத்தினோம்.

இருந்தாலும் என்னை மாற்றியது கழிப்பறைக் கணக்கு இல்லை. ஏற்றிய தகவலைப் பிறகு யார் பராமரிப்பது என்பதுதான். ஒரு குழந்தை பள்ளியை விட்டுப் போனால் எமிஸில் அதன் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்புவோம். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். எடுக்க யாரும் வராவிட்டால் பெயர் அங்கேயே கிடக்கும். தனியார் பள்ளிக்குப் போயிற்றா, வேறு மாநிலமா, படிப்பே நின்றுவிட்டதா என்று திரை சொல்லாது. பதிந்துள்ள கைபேசி எண்ணும் பல சமயம் உபயோகத்தில் இருக்காது. நான்கு பயிற்சிக் கூட்டங்களில் "நிலுவையை முடியுங்கள்" என்று சொன்னேன், பட்டியல் குறையவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாடம் நடத்திவிட்டு ஊர் ஊராகத் தேட அவர்களுக்கு ஏது நேரம்?

அதே பட்டியலோடு ஒரு மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தோம். "அவங்க சூளை வேலைக்குப் போயிருக்காங்க, பொங்கலுக்கு வருவாங்க", "அந்தப் பையன் பாட்டி வீட்டுல இருந்து படிக்கிறான்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொன்னார்கள். ஏழு பெயர்களில் ஐந்துக்கு அன்றே விடை கிடைத்தது. அடுத்த மாதம் கேட்காமலே ஒருவர் வந்து, சூளைக்குப் போன குடும்பம் திரும்பிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சுற்றறிக்கையாலும் இதைச் செய்ய முடியாது.

இது புதிய யோசனையும் அல்ல. 1996இல் மத்தியப் பிரதேசத்தில் ஆசிரியர்களும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். பள்ளியே இல்லாத குடியிருப்புகள் அதில் தெரியவந்தன. 1997 ஜனவரியில், ஊர் கேட்டால் 90 நாளில் பள்ளி என்ற உத்தரவாதத் திட்டம் வந்தது.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. சாதி, மாற்றுத்திறன், ஆதார் விவரங்களைச் சபையில் வாசிக்கவே கூடாது. பொதுத் தொகுப்புப் பெயர்களையும் குழு உறுப்பினர்கள் மட்டும் இருக்கும்போதுதான் எடுக்கிறோம். அமெரிக்காவில் 10 கோடி டாலர் நிதியோடு 2013இல் தொடங்கிய இன்புளூம் என்ற மாணவர் தகவல் கிடங்கு, மறு ஆண்டே மூடுவதாக அறிவித்தது. பிள்ளைகளின் விவரத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்கள் நம்பும்படி பதில் வரவில்லை.

என் அனுபவம் பெரும்பாலும் நூறு பிள்ளைகளுக்குள் உள்ள கிராமப் பள்ளிகளில்தான். பல ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் வரும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒரே ஒரு தடவை முயன்றேன். பெற்றோருக்கு ஒருவரையொருவர் தெரியவில்லை, பட்டியல் அசையவில்லை. அங்கே ஊர்வாரியாகப் பிரித்து உட்கார வைத்தால் நடக்கலாம் என்று தோன்றுகிறது. அரையாண்டு விடுமுறைக்குள் செய்து பார்க்க வேண்டும்.