வன்னியில் காணி வாங்க எந்த நொத்தாரிசு? பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் காணி வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் நொத்தாரிசை, அதாவது காணி உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவரை, தாங்களாகத் தேடுவதில்லை. தரகர் ஒருவரைக் காட்டுவார், அல்லது விற்பவர் "எங்கட வழக்கமான ஆள் இருக்கிறார்" என்பார். யாரிடம் போனாலும் உறுதி எழுதி முடிந்துவிடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது நொத்தாரிசு ஒருவரையும் சாட்சிகள் இருவரையும்தான். பிழை தெரியவருவது ஆறேழு வருடம் கழித்து, வங்கிக்கடனுக்குப் போகும்போதோ மகளுக்குச் சீதன உறுதி எழுதும்போதோதான். ஆகவே இந்த மதிப்பீடு முழுவதும் உறுதி எழுதுவதற்கு முந்திய வேலையைப் பற்றியது. தட்டச்சு அழகையும் கந்தோரின் குளிரூட்டியையும் பார்த்து ஆளைத் தெரிவு செய்கிறவர்களுக்கு இது உதவாது.

நல்ல நொத்தாரிசின் முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்காது. "உறுதிக்காணியா, பேமிட் காணியா?" என்பதாகவே இருக்கும்; அதாவது தனியார் உரித்துள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்பது. வன்னியில் பெரும் பரப்பு அரச காணி. விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் போன்ற குடியேற்றத் திட்டங்களில் வயலும் மேட்டுக்காணியும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம், அதாவது பேமிட், மட்டும் உள்ள காணியை விற்க முடியாது. சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அரச அளிப்புப் பத்திரம் உள்ள காணியை விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலமான சம்மதம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். சம்மதமின்றி எழுதிய உறுதி செல்லாது. அளிப்பில் குறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. இரண்டு ஏக்கர் அளிப்பில் "நாலு பரப்பு மட்டும் தாறன்" (கால் ஏக்கர்) என்ற பேச்சு வந்தால், அளிப்பின் நிபந்தனைப் பக்கத்தை வாசிக்காமல் அடுத்த அடி வைக்கிறவர் நொத்தாரிசு அல்ல, எழுத்தர்.

பேமிட் காணிக்கு "ஒரு வழி பார்க்கலாம்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த வழிகள் எவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: சமாதான நீதவான் முன் எழுதிய வெள்ளைத்தாள், அற்றோர்ணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), இறுதி விருப்ப ஆவணம், நீண்டகாலக் குத்தகை உடன்படிக்கை. எதை எழுதினாலும் பிரதேச செயலகப் பதிவேட்டில் பழைய பேமிட்காரரின் பெயர்தான் நிற்கும். அவர் இறந்தால் உரித்து அவருடைய துணைவருக்கும், பின்னுரித்தாளியாகப் பெயர் குறிக்கப்பட்டவருக்கும் போகும். அற்றோர்ணித் தத்துவம் கொடுத்தவரின் மூச்சோடு முடிந்துவிடும். பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தமாகும் என்ற ஆட்சி வாதமும் அரசுக்கு எதிராக எடுபடாது. கிணறும் கட்டி, தென்னையும் வைத்து, மதிலும் எழுப்பிய பிறகு இதைக் கேட்பது யாருக்கும் இனிக்காது.

விதானையாரின் கடிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிராம அலுவலர் தரும் உறுதிப்படுத்தல் அந்த ஆள் அங்கே வசிக்கிறார் என்பதற்குச் சான்று. காணி அவருடையது என்பதற்குச் சான்று அல்ல. அதை உரித்துப் பத்திரமாக ஏற்றுக்கொண்டு கோவையைத் திறக்கிற நொத்தாரிசுகளும் இருக்கிறார்கள்.

உறுதிக்காணி என்று தெரிந்த பிறகுதான் உண்மையான தேடுதல் தொடங்கும். காணிப் பதிவேட்டைக் குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். வன்னியில் அது போதாது என்பது எங்கள் கருத்து. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டங்களாயின. ஆகவே கிளிநொச்சிக் காணியின் பழைய தொகுதியும் பக்க இலக்கமும் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தொடங்கியிருக்கலாம். முல்லைத்தீவுக் காணிக்கு வவுனியா, மன்னார் பதிவேடுகளையும் பார்க்க நேரும். இப்போதைய பதிவகத்தில் மட்டும் தேடிவிட்டு "சுத்தமாக இருக்கு" என்பவரின் அறிக்கை பாதி அறிக்கை. தேடுதல் அறிக்கையை வாயால் கேட்டுத் திருப்திப்படக் கூடாது. பதிவேட்டுப் பிரதியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு உறுதி இலக்கமும் அடுத்ததோடு தொடுக்கிறதா, ஈடு (அடமானம்) ஏதும் மீட்கப்படாமல் கிடக்கிறதா, பங்கு வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்று வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடுவது நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவர்மீது வைத்த கடமை. "தேடுதல் வேண்டாம்" என்று உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், அந்தக் கடமை உங்கள் தலையில் இறக்கப்படுகிறது என்று பொருள்.

உறுதிகளின் சங்கிலியில் "ஆட்சி உறுதி" ஒன்று இடையில் வந்தால் அங்கே நிற்க வேண்டும். அது, நீண்டகாலம் ஆண்டுவந்ததால் காணி தனதென்று ஒருவர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பிரகடனம், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. இடம்பெயர்ந்தவர்களின் வளவுகளில் குடியிருந்தவர்கள் எழுதியவை இவற்றில் உண்டு. போர்ச்சூழலால் வழக்குத் தொடர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்தது. அந்த இரண்டு திகதிகளையும் கேட்டவுடன் சொல்லத் தெரியாதவர் வன்னியில் ஆட்சி உறுதியைக் கையாளாமலிருப்பது நல்லது.

வடபகுதித் தமிழரின் மரபுச் சொத்துச் சட்டமான தேசவழமையிலும் உள்ளூர் அனுபவம் கைகொடுக்கும். விற்பவருக்குக் காணி முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) வந்ததா, சீதனமாகவா, தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடியதா) என்பதைப் பொறுத்துக் கையெழுத்துப் போடுவோரின் தொகை மாறும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. தேடியதேட்டத்தில் துணைவருக்கும் பங்கு உண்டு, ஒருவர் இறந்திருந்தால் பிள்ளைகளின் பங்கு வந்துவிடும். பிள்ளை பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நீதிமன்ற அனுமதியின்றி அந்தப் பங்கை யாரும் விற்க முடியாது. பங்குக் காணியில் மற்றப் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. அவருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் முடித்த உறுதியை அவர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. விற்பவரின் பூர்வீகத்தை விசாரிக்கிற நொத்தாரிசைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர் தன் வேலையைச் செய்கிறார்.

காணாமற்போனவரின் பெயரில் உள்ள காணிதான் எல்லாவற்றிலும் கடினம். மனைவியிடம் இறப்புச் சான்றிதழ் இருக்கலாம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கையிலுள்ளது எது, அது எதற்குப் போதும், எதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்லாமல் "மனுசி கையெழுத்து வைச்சாக் காணும்" என்பவரை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளூர் ஆளா, யாழ்ப்பாணமா, கொழும்பா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: கொழும்பு ஆள் வங்கிக்கடனோடு வரும் பெரிய கொடுக்கல்வாங்கலுக்குச் சரி, பேமிட்டும் குளத்துக்கென ஒதுக்கிய அரச நிலமும் அவருக்குத் தூரம். யாழ்ப்பாணத்தவர் தேசவழமையிலும் பழைய பதிவேடுகளிலும் பலம், ஆனால் பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு எழுதியனுப்பிவிட்டுக் காத்திருப்பார். உள்ளூர்க்காரர் காணி உத்தியோகத்தரிடம் நேரே போய்க் கேட்பார், வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். பழைய உறுதிகளில் "கிழக்கு: காடு" என்று எழுதிய எல்லைகள் ஏராளம். அந்தக் காடு இப்போது யாருடைய பொறுப்பில் என்று பாராமல் அதே வரியைப் புது உறுதியில் இறக்கினால், பிரச்சினையும் கூடவே இறங்கும். பழைய எல்லையை நகலெடுக்காமல், உரிமம் பெற்ற நில அளவையாளரின் புதிய வரைபடத்தைக் கேட்டு, அதன் துண்டு இலக்கத்தை உறுதியின் காணி அட்டவணையில் சேர்க்கிறாரா என்று பாருங்கள். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச். பழைய உறுதியில் இரண்டு ஏக்கர் என்று இருந்து வரைபடத்தில் 300 பேர்ச் வந்தால், மீதி 20 பேர்ச் வீதிக்கா பக்கத்துக் காணிக்கா போனது என்று விலை பேசுமுன் தெரிய வேண்டும்.

உள்ளூர்க்காரரின் பலவீனம் அவருடைய பலத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் எல்லோருக்கும் வேண்டியவர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நொத்தாரிசு எழுதுவது இங்கே சாதாரணம், சட்டத்திலும் அதற்குத் தடையில்லை. ஆனால் தரகர் அவருடைய கந்தோர் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தால், தேடுதலை மட்டும் வேறொரு சட்டத்தரணியிடம் கொடுங்கள். செலவு சிறிது கூடும், அவ்வளவுதான்.

நொத்தாரிசிடம் கேட்டுப் பார்க்க வேண்டியவை: அவருடைய தொழிலுக்கான ஆணைப்பத்திரம் எந்த நீதிமன்றப் பிரிவுக்கு, எந்த மொழிக்கு, இந்த வருடத்துச் சான்றிதழ் எடுத்தாயிற்றா. நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: முத்திரைத் தீர்வை, தேடுதல், பதிவுக் கட்டணம், நொத்தாரிசின் கூலி. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஐம்பது இலட்சம் ரூபாய்க் காணிக்கு 3,000 உம் 196,000 உம் சேர்ந்து 199,000 ரூபாய். இதைக் குறைக்க "உறுதியில பத்து இலட்சம் போடுவம்" என்ற ஆலோசனை வரும். மதிப்பீட்டில் கூடுதல் தீர்வை கேட்டால் கட்ட வேண்டியவர் நீங்கள். நாளை வழக்கென்று வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதும் உறுதியில் எழுதிய தொகையே முதலில் பேசும்.

முற்பணம் கொடுக்கும்போது கைத்துண்டில் எழுதாதீர்கள். காணியை விற்பதாகச் சொல்லும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் அதைக் கொண்டு விற்கச் சொல்லி வற்புறுத்தலாம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த தம்பி பெயரில் எழுதப் பார்ப்பவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தை நினைவில் வைக்கவும். இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவருக்குப் பொதுவாகக் காணி வாங்கி எழுத முடியாது. இதை முதல் சந்திப்பிலேயே கேட்காத நொத்தாரிசுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு.

கையெழுத்து நாளில் அடையாள அட்டைப் பெயரும் பழைய உறுதிப் பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். தகப்பன் பெயர் இடம்மாறியிருந்தால் சத்தியக்கடதாசி முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கட்டும். எழுதிக்கொடுப்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் சாட்சிகள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேநீர்க்கடையில் நின்றவர்களைக் கூட்டிவந்து சாட்சி போடவைக்கும் கந்தோர்களைப் பற்றி வேறு சொல்லத் தேவையில்லை.

உறுதி மூன்று பிரதியாக எழுதப்படும். மூலம் உங்களுக்கு, இரண்டாம் பிரதி பதிவகத்துக்கு, மூன்றாவது நொத்தாரிசின் கோவைக்கு. இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அவர் அனுப்ப வேண்டும். உங்கள் மூலத்தைப் பதிவது வேறு வேலை, அதை அந்தத் திகதி வரை இழுக்க விடாதீர்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத உங்கள் உறுதியை, உங்களுக்குப் பின் அதே காணியைப் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதி வென்றுவிடும். அடுத்த வேலைநாளிலேயே பதிவகத்தில் கொடுத்து, அங்குள்ள நாட்புத்தக இலக்கத்தையும் திகதியையும் வாங்கித் தருகிறவர்தான் எங்கள் பட்டியலில் மேலே நிற்கிறார்.

பதிந்த உறுதி கைக்கு வந்ததும் பிரதேச சபையின் வரிப் பதிவில் பெயரை மாற்றுங்கள். வயல் என்றால் கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பிலும் மாற்ற வேண்டும், அங்கே பழைய பெயர் நின்றால் உர மானியமும் நட்டஈடும் பழைய ஆளின் பெயருக்கே போகும்.