கூரையில சோலார்: பில்லு குறைஞ்சுது, வயித்தெரிச்சல் குறையல

சிங்கப்பூர்ல, சிராங்கூன் கார்டன்ஸ்ல வீடு வச்சிருக்க மச்சான் கேக்குறான், பேனல் விலைதான் இறங்கிடுச்சே, ஆன்லைன்ல வாங்கி நானே கூரையில ஏறி மாட்டிக்கவான்னு. பேனலை நீ மாட்டிருவடா, ஆனா மெயின் போர்டுல இணைக்கிறதுக்கு ஈ.எம்.ஏ, அதான் இங்க கரண்ட் விவகாரத்தைப் பாக்குற அரசாங்க ஆணையம், அதோட லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வரணும், விண்ணப்பமும் அவர் மூலமாத்தான் போகணும், அது போகலன்னா நீ செலவழிச்சது போக வெளிய போற மிச்சக் கரண்டுக்கு பில்லுல வரவு கிடையாது. இங்க வீட்டு சோலாருக்கு அரசாங்க மானியம்னு தனியா ஒண்ணும் கிடையாது, வர்ற காசே அந்த வரவுதான்.

மதுரையில என் தம்பி போட்டப்போ இந்திய அரசாங்கத்தோட பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் வந்துச்சு, அங்கயும் பதிவு பண்ண ஆளுங்க போட்டாத்தான். அமெரிக்காவுல 2025 கடைசி வரைக்கும் 30 சதவீத வரிக்கழிவு இருந்துச்சு, சொந்தமா மாட்டுனவனுக்கும் சாமான் விலையில உண்டு, அவன் பாடுபட்டதுக்கு மட்டும் கணக்கு கிடையாது.

நானும் கூரையில போட்டிருக்கேன், என் எரிச்சல் வேற. பகல்ல வீட்டுல அம்மாவைத் தவிர ஆள் இல்ல, வெயிலு கொளுத்துற நேரத்துல வர்ற கரண்ட்ல பாதிக்கு மேல வெளிய போயிடுது, அதுக்கு வரவு வைக்கும்போது கட்டணத்துல கிரிட் சார்ஜை, அதாவது கரண்ட் கொண்டு போற கேபிளுக்கான காசை, கழிச்சுட்டுத்தான் வைப்பாங்க, ராத்திரி ஏர்கான் போட நான் வாங்குறப்போ முழு விலை, மேல 9 சதவீத ஜிஎஸ்டி. என் கரண்ட் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினைத் தாண்டிப் போயிருக்காதுலா! கேபிளைப் பராமரிக்க யாராவது குடுக்கணும், நியாயம்தான், ஆனாலும் மாசாமாசம் பில்லுல அந்தக் கழிவைப் பாத்தா பத்திக்கிட்டு வருது.

குறை மட்டும் சொல்லக்கூடாது. பில்லு நல்லாவே குறைஞ்சுது. அதைவிட, யாருமே சொல்லாத ஒண்ணு, பேனல் நிழல்ல கூரை சூடாகாம மாடி ரூம்ல மத்தியானம் படுக்க முடியுது, முன்னாடி அங்க துணிகூட காயப்போட மாட்டோம், இப்ப அம்மா அங்கதான் தூங்குறாங்க. மழை கழுவி விட்டுடுது, துடைக்கிற வேலையும் இல்ல.

போன மாசம் பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டர் படுத்துருச்சு. மெஷினுக்கு வாரண்டி இருந்துச்சு, கழட்டி மாட்டுற கூலிக்கு இல்லையாம், அந்த பில்லு இன்னும் மேசையிலதான் கிடக்கு.

அதனால மச்சான், நீயா ஏறாத. ஆளை வச்சுப் போட்டாலும் வாரண்டியில ஆள்கூலி உண்டான்னு எழுதி வாங்கிக்க. பகல்ல வீட்டுல யாரும் இருக்கமாட்டீங்கன்னா போடவே போடாத, அம்மா தூக்கத்தை வேணா நான் தனியாக் கணக்குப் பண்ணிக்கிறேன்.