நாமே செய்வதா, வெளியே கொடுப்பதா: அமெரிக்க கிளினிக்குகளில் கிரெடென்ஷியலிங் தாமதம்

அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள ஒரு டாக்டர், கிளினிக்கில் சேர்ந்த அன்றே நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனால் அதற்கான பணம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனமும் அவருடைய படிப்பு, லைசென்ஸ், பழைய வழக்குகள் எல்லாவற்றையும் சரிபார்த்துத் தன் பட்டியலில் ஏற்ற வேண்டும். இந்தச் சரிபார்ப்புக்குத்தான் கிரெடென்ஷியலிங் என்று பெயர். தனியார் இன்சூரன்ஸ் என்றால் இதற்கு மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம். சென்னையில் இரவு ஷிஃப்ட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் ஏராளம், நானும் அதில் ஒருவன். சின்ன கிளினிக்குகள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: நாங்களே பார்த்துக்கொள்வதா, உங்களிடம் கொடுப்பதா? என் பிழைப்புக்கு ஆகாத பதிலும் இதில் உண்டு.

முதலில் நாள் எங்கே போகிறது என்று பார்க்கலாம். ஒப்புதல் தரும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கமிட்டியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். நான் பார்த்தவரை அதைவிட அதிகமாக நாளைத் தின்பது அரைகுறை ஃபைல். சி.ஏ.கியூ.ஹெச். என்ற தளத்தில் டாக்டர் தன் விவரங்களை ஒருமுறை ஏற்றினால், பல இன்சூரன்ஸ்காரர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 120 நாளுக்கு ஒருமுறை அவர் உள்ளே போய் ‘எல்லாம் சரி’ என்று உறுதி செய்ய வேண்டும். அதை மறந்தாலோ, மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான) இன்சூரன்ஸ் சான்றிதழ் காலாவதியாகி அப்படியே கிடந்தாலோ, விண்ணப்பம் நகராது. வேலை வரலாற்றில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் விளக்கம் கேட்பார்கள், ஒரு வருடம் தாண்டினால் எழுத்தில் தர வேண்டும். விசா மாறிய காலமோ பிரசவ விடுப்போ, காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும். அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் நின்ற ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன்.

சொந்த ஆளை வைத்துச் செய்வதன் பலம் இங்கேதான். கிளினிக்கில் இருக்கும் ஒருவர் மதிய சாப்பாட்டு நேரத்தில் டாக்டரின் அறைக்குள் போய் கையெழுத்து வாங்கி வந்துவிடலாம். நாங்கள் அனுப்பும் ஐந்தாவது மின்னஞ்சலுக்கும் அந்த வலிமை கிடையாது. முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் தனி டாக்டருக்கான விண்ணப்பத்தை, அதன் பதிவுத் தளமான பெக்காஸில் நாங்கள் நிரப்பித் தரலாம், கையெழுத்து மட்டும் டாக்டருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே கொடுப்பதன் பலம் ஃபோன். இன்சூரன்ஸ் அலுவலகம் கிழக்குக் கடற்கரையில் காலை எட்டுக்குத் திறக்கும்போது எங்களுக்குக் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. நாற்பது நிமிடம் இசையைக் கேட்டபடி லைனில் காத்திருக்க ரிசப்ஷனிஸ்டுக்கு நேரம் இருக்காது, எங்களுக்கு அதுதான் வேலை. எந்த இன்சூரன்ஸ் எந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பும் என்பதும் கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துக் கோளாறையும் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு தமிழ் டாக்டரின் ஃபைல் இரண்டு மாதம் ‘ப்ராசஸில் உள்ளது’ என்றே கிடந்தது. ஆளாளுக்கு ஷீட்டில் அதையே காப்பி செய்து ஒட்டியிருந்தார்கள். கடைசியில் நானே அவரை அழைத்தேன். “டாக்டர், டிகிரியில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல்தானே இருக்கிறது, லைசென்ஸில் அது பெரிய பெயராக வருகிறதே?” “அது எங்க அப்பா பேருப்பா. பாஸ்போர்ட்ல சர்நேம் கேட்டாங்க, கொடுத்தேன்.” நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஆனால் ஃபைலைத் தொட்ட அத்தனை தமிழர்களுக்கும் அது தோன்றவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு கடிதம் போனதும் ஃபைல் நகர்ந்தது. வெளியே கொடுத்தால் இப்படி ஃபைலுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

சாஃப்ட்வேரைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. எது எப்போது காலாவதியாகிறது என்று நினைவூட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பத்து டாக்டர்களுக்குக் கீழே என்றால் ஓர் எக்ஸெல் ஷீட்டே போதும்.

டெலிகேட்டட் கிரெடென்ஷியலிங் வேறு ரகம். இன்சூரன்ஸ் நிறுவனம் சரிபார்க்கும் பொறுப்பையே மருத்துவக் குழுமத்திடம் ஒப்படைத்துவிடும். குழுமத்தின் சொந்தக் கமிட்டி ஒப்புதல் தரும், பட்டியல் மட்டும் இன்சூரன்ஸுக்குப் போகும். வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் ஒப்படைப்பதற்கு முன்பே தணிக்கை, பிறகு வருடா வருடம் தணிக்கை. நூற்றுக்கணக்கில் டாக்டர்கள் உள்ள குழுமங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 2025 ஜூலை முதல், இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் என்.சி.கியூ.ஏ. அமைப்பின் விதி வேறு இறுகியிருக்கிறது: கமிட்டி முடிவெடுக்கும் நாளில் சரிபார்ப்பு 120 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, முன்பு 180. ஃபைல் தேங்கினால் முன்பு செய்த சரிபார்ப்பும் பழசாகிவிடும், மறுபடி செய்ய வேண்டும்.

சிலர் ரகசியமாகக் கேட்கும் இன்னொரு வழி: அதுவரை சீனியர் டாக்டர் பெயரில் பில் போடலாமா? மெடிகேரில் இன்சிடென்ட்-டு என்று ஒரு விதி உண்டு: ஒருவர் பார்த்ததற்கு மேற்பார்வை செய்யும் டாக்டர் பெயரில் பில் போடலாம். அதற்கு நிபந்தனைகளும் உண்டு. அவற்றுக்குள் அடங்காமல் யார் பார்த்த நோயாளிக்கோ வேறொருவர் பெயரில் பில் போட்டால் அரசிடம் பொய் பில் காட்டுவதைத் தண்டிக்கும் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்தில் மாட்டுவீர்கள். பணம் தாமதமாக வருவது இதைவிட எவ்வளவோ மேல்.

அப்படியானால் இரண்டு மூன்று டாக்டர்கள் உள்ள கிளினிக்குக்கு? ஆவணமும் கையெழுத்தும் உள்ளேயே ஓர் ஆளிடம், விண்ணப்பமும் ஃபோனும் எங்களைப் போன்றவர்களிடம். முழுவதையும் எங்களிடம் தள்ளிவிட்டு மறந்துவிடும் கிளினிக்குகள்தான் நான்காவது மாதத்தில் சண்டைக்கு வருகின்றன. மெடிகேரில் விண்ணப்பித்த தேதியிலிருந்து 30 நாள் பின்னோக்கி பில் போடும் சலுகை உண்டு. தனியார் இன்சூரன்ஸில் பெரும்பாலும் அதுவும் கிடையாது, அந்த விண்ணப்பங்களை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.

எங்களைப் போன்ற ஆட்கள் ‘அப்ரூவ்டு’ என்று மெயில் அனுப்பினால் உடனே கொண்டாட வேண்டாம். கமிட்டி ஒப்புதல் வேறு, ஒப்பந்தம் சிஸ்டத்தில் ஏறுவது வேறு. இடையில் போன கிளெய்ம்கள் அவுட் ஆஃப் நெட்வொர்க், அதாவது பட்டியலில் இல்லாத டாக்டர், என்று திரும்பி வரும். “எஃபெக்டிவ் டேட் (எந்தத் தேதியிலிருந்து செல்லும்) என்ன, கடிதம் எங்கே?” என்று கேளுங்கள். எங்களுக்குப் பிடிக்காத கேள்விதான், ஆனாலும் கேளுங்கள்.