டஜனா, ஸ்கோரா?

சேலம் சின்னக்கடை வீதியில் வளையல் வாங்கப் போனால் டஜன் இல்லாமல் வேலை ஆகாது. 'அரை டஜன் குடுங்கண்ணா' என்றால் ஆறு வளையல் கைக்கு வந்துவிடும். பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என எப்படியும் பங்கு போடலாம், சில்லறை வியாபாரத்துக்கு அது பெரிய வசதி. பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ், அதாவது 144.

ஆங்கிலத்தில் ஸ்கோர் என்றால் இருபது. ஆனால் நமக்குக் கிரிக்கெட் ஸ்கோர்தான் தெரியும். இரண்டும் ஒரே சொல்தான். குச்சியில் வெட்டும் கோட்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஆடு எண்ணும்போது இருபதுக்கு ஒரு வெட்டு போட்டதால் இருபதுக்கும் அதுவே பெயரானது என்பார்கள். அமெரிக்க அதிபர் லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் தன் உரையை 'நான்கு ஸ்கோரும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்' என்று தொடங்கினார். கணக்குப் போட்டால் 87 ஆண்டு. அந்த மிடுக்கு டஜனுக்கு வராது.

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் சரியாக இருபதுதான். அதற்காக பஸ்ஸில் யாராவது 'ஒரு ஸ்கோர் வளைவு' என்றால் பக்கத்து சீட்காரர் என்ன மேட்ச் என்று கேட்பார்.

பன்மையில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலச் செய்தியில் 'ஸ்கோர்ஸ்' பேர் காயம் என்று வந்தால் எண்ணிக்கை கிடையாது, ஏராளமானோர் என்றுதான் பொருள். 'டஜன்ஸ்' என்றாலும் பல பேர்தான், பன்னிரண்டால் பெருக்க வேண்டாம். பேச்சுக்கு எனக்கு டஜன் போதும். ஸ்கோரைப் படிக்கும்போது புரிந்தால் சரி.