மின்னஞ்சலா, ஃபேக்ஸா: எது சுலபம்?

பத்துப் பக்கம் அனுப்ப வேண்டுமென்றால் மின்னஞ்சல்தான் சுலபம். ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கி இணைத்தால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது அளவு. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் அனுப்பும்போது இணைத்த கோப்பு எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதனால் 20 எம்பி கோப்பையே பெறுபவரின் சர்வர் திருப்பி அனுப்பக்கூடும். கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) போதும், கோப்பு சிறுத்துவிடும்.

ஃபேக்ஸில் தாளை எந்தப் பக்கம் வைப்பது என்பதே மெஷினுக்கு மெஷின் மாறும். எழுத்துள்ள பக்கத்தை மாற்றி வைத்தால் மறுமுனையில் வெற்றுத்தாள்தான் வரும். ஸ்டாண்டர்டு முறையில் செங்குத்தாக அங்குலத்துக்கு 98 வரிகளே பதிவாகும். பொடி எழுத்து கலங்கிவிடும். 'ஃபைன்' வைத்தால் 196 வரி, நேரமும் கூடும். இணையவழி ஃபோன் இணைப்பில் பாதியில் அறுந்தால் மெஷினில் அனுப்பும் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். குரலைச் சுருக்கும் முறை ஃபேக்ஸ் ஒலியைச் சிதைப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒன்றில் மட்டும் ஃபேக்ஸ் மேல். பக்கம் வந்ததை மறுமுனை மெஷினே உறுதிசெய்யும், அது அறிக்கையாக அச்சாகும். மின்னஞ்சலோ ஸ்பேமில் சத்தமில்லாமல் கிடக்கலாம். அவசரமென்றால் அனுப்பிய கையோடு ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.